கப்பல்கள் கைவிட்ட காலி

1860 மே மாதம். இலங்கையின் தென்கோடியில் உள்ள காலித் துறைமுகத்தில் 'மலபார்' என்ற நீராவிக் கப்பல் பயணத்துக்குத் தயாராக நின்றது. பிரிட்டனின் தூதர் லார்டு எல்ஜினும் பிரான்சின் தூதர் பாரன் குரோவும் அதில் இருந்தார்கள். சீனப் பேரரசரை ஒப்பந்தத்துக்குப் பணியவைக்கப் படைகள் ஏற்கெனவே கிழக்கே போய்விட்டன. பின்னாலேயே பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் இவர்கள். துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் சூறைக்காற்று அடித்தது. கப்பல் பாறையில் மோதியது. மூழ்கிவிடக் கூடாதே என்று அதைக் கரைப்பக்கம் ஓட்டித் தரைதட்ட வைத்தார்கள். பயணிகள் பிழைத்தார்கள். பெட்டிகள், காகிதங்கள், கிழக்கே போக வேண்டிய வெள்ளிப் பணம் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறின. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை இரண்டு வல்லரசுகளின் தூதர்களும் காலியில் காத்துக் கிடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பீகிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தச் சொன்னவர் இந்த எல்ஜின்தான். காலித் துறைமுகத்துப் பாறை இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு சீனர் ஏங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'மலபார்', பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் என்ற பி அண்ட் ஓ கம்பெனியின் கப்பல். அந்தக் கம்பெனிக்குக் காலியில் ஏஜென்டாக இருந்தவர் கேப்டன் பெய்லி. துறைமுகத்தின் கிழக்குக் கரையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மேட்டில், ஏறத்தாழ அதே காலத்தில் அவர் ஒரு மாளிகை கட்டினார். டச்சுக்காரர்களின் சிறு காவல் கோட்டை ஒன்று முன்பு இருந்த இடம் அது. மனைவியின் பெயரைச் சேர்த்து 'வில்லா மரினா' என்று வீட்டுக்குப் பெயர் வைத்தார். இன்று அது 'க்ளோசன்பெர்க் ஹோட்டல்'. விக்டோரியா மகாராணி காலத்து வீட்டில் தங்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் போய் இறங்கியது அங்கேதான்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரப் பயணம். வழியின் பெரும்பகுதி கடலை ஒட்டியே போகிறது. 2011-ல் தெற்கு அதிவேகச் சாலை காலிவரை திறந்த பிறகு அவசரக்காரர்கள் பஸ்ஸில் போய்விடுகிறார்கள். அவசரமில்லாதவர்களுக்கு ரயில்தான். காலி ஸ்டேஷனிலிருந்து மாத்தறைச் சாலையில் மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். த்ரீவீலர்காரர்கள் எல்லோருக்கும் இடம் தெரியும். ஆனால் வெளியூர்க்காரர் என்றால் முதலில் கோட்டைக்குள் இருக்கும் வேறு பத்து ஹோட்டல்களைச் சொல்லிப் பார்ப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கதவுகளுக்கு மேலே காற்று வருவதற்காக மரத்தில் துளையிட்டுச் செதுக்கிய வேலைப்பாடு இருக்கிறது. பூவும் கொடியும் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாதிச் சூரியன் எழுந்துகொண்டிருக்கிறது. கதிர் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பட்டை. பட்டைகளின் இடுக்கு வழியாகத்தான் கடல் காற்று உள்ளே வருகிறது. இந்த உதயசூரியன் பி அண்ட் ஓ கம்பெனியின் சின்னம். சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் முத்திரையைத் தன் சொந்த வீட்டு நிலைப்படிக்கு மேல் செதுக்கி வைத்த ஊழியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விசுவாசமா, வீடு கட்டிய செலவைக் கம்பெனிக் கணக்கிலேயே எழுதிவிட்டாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெய்லிக்கு அவ்வளவு பெருமை இருந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய காலி, உலகக் கடல்வழியின் ஜங்ஷன். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன்பும் லண்டன் தபால் மத்தியதரைக் கடல் வழியாக எகிப்துக்கு வந்து, தரைவழியாக சூயஸை அடைந்து, அங்கிருந்து மறுபடி கப்பலேறிக் காலிக்கு வந்துவிடும். கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் அதே கப்பலில் தொடர்வார்கள். சீனாவுக்குப் போகிறவர்களும் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களும் இங்கே கப்பல் மாறுவார்கள். கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும். அந்த நிலக்கரியும் பிரிட்டனிலிருந்து பாய்மரக் கப்பல்களில் வந்து குவியும். கரையிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கப்பலுக்கும் அதைக் கூடை கூடையாகச் சுமந்தவர்களின் வீடு எதுவும் இன்று பாரம்பரிய ஹோட்டலாக நிற்கவில்லை. மாளிகை வராந்தாவில் டீ குடிக்கிறவர்கள் இதை ஒருமுறையாவது நினைத்துக்கொள்ளலாம்.

கப்பல் கொண்டுவந்த இன்னொரு சரக்கு செய்தி. ஐரோப்பாவில் போரா, லண்டன் சந்தையில் காப்பி விலை என்ன, எல்லாம் முதலில் காலியில்தான் இறங்கும். கொழும்பில் அச்சாகும் பத்திரிகைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? 'சிலோன் அப்சர்வர்' பத்திரிகை 1850-ல் புறாக்களை ஏற்பாடு செய்தது. தபால் கப்பல் நங்கூரம் போட்டதும் அதன் பத்திரிகைகளை வாங்கி, முக்கியச் செய்திகளை மெல்லிய தாளில் பொடி எழுத்தில் சுருக்கி, புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார்கள். குதிரை வண்டி ஒரு நாள் முழுக்க ஓட வேண்டிய தூரத்தைப் புறா சில மணி நேரத்தில் கடந்துவிடும். 1858-ல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி போட்டதும் புறாக்களுக்கு வேலை போயிற்று. நம் பத்திரிகைத் தொழிலில் ஆட்குறைப்பு நேற்று வந்ததில்லை என்று தெரிகிறது.

இவ்வளவு பெருமை கொண்ட துறைமுகத்துக்கு அடிப்படையிலேயே ஒரு குறை இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் உள்ளே நிற்கும் கப்பலுக்குப் பாதுகாப்பு போதாது. நுழையும் வழியில் பாறைகள் வேறு. டச்சுக் கப்பல் 'அவோன்ட்ஸ்டர்' 1659-ல் இங்கேதான் மூழ்கியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மணலில் புதைந்து கிடந்ததைக் கடலடித் தொல்லியலாளர்கள் நம் காலத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 'மலபார்' மோதியது இந்த வரிசையில் இன்னொன்று. எல்ஜின் மாதிரி ஒருவரை நனைத்து அனுப்பிய துறைமுகத்துக்கு லண்டனில் நல்ல பெயர் எப்படி மிஞ்சும்?

ஆனாலும் காலியைத் தோற்கடித்தவை பாறைகள் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பாறையை வெடி வைத்து உடைக்கலாம், அலைக்குத் தடுப்பு கட்டலாம். பணம் யார் பக்கம் இருந்தது என்பதுதான் விஷயம். கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர்களுக்குக் கொழும்பு பக்கம். 1867-ல் கண்டியிலிருந்து ரயில் வந்து இறங்கியதும் கொழும்பில்தான். மலையிலிருந்து வரும் மூட்டையை மேலும் நூறு கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய்க் கப்பலேற்ற எந்த வியாபாரி சம்மதிப்பார்? 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு கொழும்புக்கு வந்து அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். பத்து ஆண்டுகளில் சுவர் முடிந்தது. அது முடிவதற்கு முன்பே கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு மூட்டை கட்டின. காலிக்கு ரயில் வந்தது 1894-ல். ஏற்றி இறக்கப் பெரிய கப்பல் எதுவும் இல்லாத காலத்தில் வந்து சேர்ந்த ரயில் அது.

ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1881-82-ல் இலங்கைக்கு வந்தபோது காலியிலும் சில நாட்கள் இருந்தார். அவருடைய பயண நூலில் கேப்டன் பெய்லியும் அவருடைய கடலோர வீடும் வருகிறார்கள். துறைமுகத்தின் கடைசி நல்ல காலம் அது. கம்பெனி போனதும் கம்பெனிச் சூரியனைச் செதுக்கிய வீடு மட்டும் மிஞ்சியது. 1889-ல் உள்ளூர்க் குடும்பம் ஒன்று அதை வாங்கியது. பிறகு ஹோட்டலாக்கியதும் அந்தக் குடும்பம்தான்.

அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் உள்ள அறைகள் கொஞ்சம்தான். மற்றவை பிற்காலத்தில் சேர்த்த பகுதியில், கடலைப் பார்த்து இருக்கின்றன. பழைய அறைகளில் கூரை எட்டாத உயரத்தில். கறுத்த மரக் கட்டில், எழுதும் மேசை, கொசுவலை. தரை கால் வைத்தால் குளிர்கிறது. கண்ணாடி வழவழப்பு இல்லை. மேசை ஓரத்தில் தேய்மானம், அலமாரிக் கதவு முழுதாகச் சாத்தாது. நட்சத்திர ஹோட்டல் எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பழைய வீடு என்றால் பழைய வீடாக இருக்கட்டுமே.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்புல் தியல் கேட்டேன். தென்னிலங்கைக்கே உரிய மீன் பண்டம் அது. சூரையைத் துண்டு போட்டு, கொறக்காப் புளியை அரைத்துப் பூசி, மிளகு, கறுவாப்பட்டை, கறிவேப்பிலை சேர்த்து, சட்டியில் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வேகவைக்கிறார்கள். குழம்பு என்று ஒன்று இருக்காது. வெளியே கரிக்கட்டை போலக் கறுத்து, உள்ளே உதிர்கிற ஒரு துண்டு. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் நாலைந்து நாள் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த சமையல் என்பதால், முதல் நாளைவிட மறுநாள் ருசி என்பார்கள். சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் பக்கத்தில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

மறுநாள் கோட்டைக்குள் போனேன். போர்ச்சுகீசியர் தொடங்கி, டச்சுக்காரர் கட்டி முடித்து, ஆங்கிலேயர் அனுபவித்த கோட்டை. பழைய வாசலின் உள்பக்கம் டச்சுக் கம்பெனியின் முத்திரை, 1669 என்ற ஆண்டோடு, மேலே ஒரு சேவலோடு இருக்கிறது. தெருக்களுக்கு அடியில் டச்சுக்காரர்கள் அமைத்த சாக்கடைகள், கடல் ஏறும்போது நீர் புகுந்து, இறங்கும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும்படி கட்டப்பட்டவை. 1988-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டை நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவும் எப்படித் தப்பியது என்பதற்கு என் பதில் ஒன்றுதான்: பணம் போய்விட்டது. கொழும்பில் கப்பல் வரவர, வங்கிகளும் கம்பெனிகளும் பழைய கட்டடங்களை இடித்துப் புதிது கட்டின. காலியில் இடிக்கிற செலவுக்கே ஆள் இல்லை. ஓடு உடைந்தால் அந்த ஒரு ஓட்டை மாற்றினார்கள். தூண் இற்றால் முட்டுக் கொடுத்தார்கள். வசதி இல்லாதவர்கள் வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு குடியிருந்ததற்குப் பெயர்தான் நூறு ஆண்டு கழித்துப் பாரம்பரியப் பாதுகாப்பு ஆயிற்று.

கோட்டைக்குள் இருக்கும் பெரிய ஹோட்டலின் கதையும் இதுதான். 1680களில் டச்சு அதிகாரிகளுக்காக எழுந்த கட்டடம், பிறகு ஆங்கிலேயரிடம் வந்து, 1860களில் கப்பல் பயணிகளுக்கான 'ஓரியண்டல் ஹோட்டல்' ஆனது. எஃப்ராம்ஸ் என்ற பறங்கியர் குடும்பம் வாங்கியதும் 'நியூ ஓரியண்டல்' ஆயிற்று. அந்தக் குடும்பத்தில், அந்த ஹோட்டலிலேயே பிறந்த நெஸ்டா ப்ரோஹியர் என்ற அம்மையார் 1990களின் நடுப்பகுதிவரை அதை நடத்தினார். கப்பல் வராத ஊரில் ஒரு கப்பல் ஹோட்டலை அத்தனை ஆண்டு மூடாமல் வைத்திருந்தது லேசான காரியமா? அவருக்குப் பிறகு ஆமன் குழுமம் எடுத்துப் புதுப்பித்து 'ஆமன்கல்ல' என்று பெயரிட்டது. அதன் திறப்பை ஒட்டிய நாட்களில்தான், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தது. கோட்டைச் சுவருக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின. சுவருக்குள் இருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின. பீரங்கிக்காகக் கட்டிய சுவர் அலையைத் தடுத்தது.

அங்கே அறை வாடகை என் ஆறு மாத வீட்டு வாடகையைக் கேலி செய்யும். வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்க மட்டும் கட்டுப்படியாகும். குறை சொல்ல முடியாத வேலை. மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரை, வெள்ளைச் சுவர், நீளக் கை வைத்த சாய்வு நாற்காலி. தேய்மானம் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று கூடத் தீர்மானித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கடலோரப் பழைய கட்டடத்தைச் சீரமைப்பதில் மிகப் பெரிய எதிரி, நாம் நண்பன் என்று நம்புகிற சிமென்ட். இந்தச் சுவர்கள் பவளப் பாறைக் கல்லையும் கருங்கல்லையும் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியவை. தரையின் ஈரம் சுவர் வழியே மெல்ல ஏறும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் காற்றில் போய்விடும். சிமென்ட் பூசினால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பருத்து, சில மழைக்காலங்களிலேயே பூச்சை அப்பளமாகப் பெயர்த்துத் தள்ளிவிடும். ஆகவே ஒழுங்காகச் செய்கிறவர்கள் முதலில் பழைய சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிடுவார்கள். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு குழைத்து, ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை பொறுத்துப் பூசுவார்கள். இந்தத் தாமதம் ஒப்பந்தக்காரருக்கும் பிடிக்காது, வங்கிக் கடன் வட்டி கட்டுகிற முதலாளிக்கும் பிடிக்காது. ஏ.சி. இன்னொரு தலைவலி. காற்று வருவதற்கென்றே செதுக்கிய மரத் துளைகளை அடைத்தால்தான் குளிர் நிற்கும். அடைத்தால் சுவருக்கு மூச்சு முட்டும். விருந்தினரின் தூக்கமா, கட்டடத்தின் ஆயுளா என்ற பேரம் ஒவ்வொரு அறையிலும் நடக்கிறது.

கோட்டையில் தமிழ் காதில் விழும். பல தலைமுறைகளாக இங்கே வாழும் முஸ்லிம் குடும்பங்களின் தமிழ். மாணிக்கக் கல் வியாபாரம் அவர்களில் பலருக்குப் பரம்பரைத் தொழில். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்மா பள்ளிவாசலை முன்பக்கம் மட்டும் பார்த்தால் தேவாலயம் என்று நினைத்துவிடுவீர்கள். இந்தத் துறைமுகத்தில் தமிழுக்கு இன்னும் பழைய சாட்சியும் உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409 ஆண்டைப் பொறித்துக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். அதன் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த பொன்னையும் வெள்ளியையும் பட்டையும் பட்டியலிடுகிறது. 1911-ல் ஒரு இன்ஜினீயர் கண்டெடுத்தபோது அந்தக் கல் காலியில் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

பள்ளிவாசலை அடுத்த தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் தமிழில் வழி கேட்டதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "எங்கட வாப்பாட காலத்தில இந்தத் தெருவில பூரா எங்கட ஆக்கள்தான் மகன்" என்றார். "இப்ப வெளிச்சம் தெரியிற வூடெல்லாம் ஹோட்டல்." அவர் வீட்டையும் விலைக்குக் கேட்டு வந்தார்களா என்றேன். "கேக்காத ஆள் ஆரு?" என்று சிரித்தார். கொடுக்கப் போகிறாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை.

2000-த்தை ஒட்டி வெளிநாட்டவர்கள் கோட்டை வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். 2004-ல் அரசாங்கம் வெளிநாட்டவர் வாங்கும் நிலத்துக்கு நூறு சதவீத வரி போட்டுப் பார்த்தது. வேகம் குறைந்ததே தவிர திசை மாறவில்லை. வந்தவர்களை வில்லன்களாகப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. இடிந்து விழ இருந்த கூரைகளை நிமிர்த்தியது அவர்கள் பணம்தான். விற்றவர்களில் பலர் நல்ல விலைக்குத்தான் விற்றார்கள். ஆனால் ஒரு தெருவில் ஒவ்வொரு வீடும் வாடகை அறையாக மாறினால், காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லாமல் போனால், அது எதற்கான பாதுகாப்பு? சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கிற அக்கறையில் பாதி, குடியிருப்பவர்களைத் தக்கவைப்பதில் இருந்திருக்கலாம்.

அதனால்தான் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெய்லியின் வீட்டுக்கே என் ஓட்டு. வாங்கிய குடும்பமே ஹோட்டலாக்கிய வீடு. பாத்திரம் கழுவும் சத்தம் சமையல்கட்டிலிருந்து வராந்தாவரை கேட்கிறது. கீழே துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள், உலகம் சுற்றுகிறவர்களின் பாய்ப்படகுகள், கடற்படைக் கப்பல்கள். 2006 அக்டோபரில் புலிகள் வெடிமருந்துப் படகுகளோடு தாக்கிய கடற்படைத் தளம் இந்தத் துறைமுகத்தில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பலாம் என்று ஹோட்டலில் கேட்டுக்கொள்வது நல்லது. சிமென்ட் ஆலை ஒன்றும் கண்ணில் படும். படம் எடுக்கிறவர்கள் அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளப் பார்ப்பார்கள். துறைமுகம் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஒரு அத்தாட்சி என்பதால் நான் சேர்த்தே எடுத்தேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரிலிருந்து மார்ச்வரை கடல் அமைதி. கூட்டமும் விலையும் அதிகம். மே, ஜூனில் தென்மேற்குக் காற்று வந்துவிடும். அறை மலிவு, கதவு ஜன்னல் அடித்துக்கொள்ளும், துணி காயாது. எல்ஜினின் கப்பலைப் பாறையில் தூக்கிப் போட்டது என்ன மாதிரிக் காற்று என்று தெரிய வேண்டுமானால் அப்போது போங்கள். முன்பதிவு செய்யும்போது புதிய பகுதி வேண்டாம், பழைய வீட்டு அறைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். அம்புல் தியலையும் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.